துருவுக்குக் காரணம் ஜப்பான்

"ஜப்பான் நாட்டு மோட்டார் வாகனங்களின் தகடு இயல்பிலேயே மட்டமானது. ஆகவே தங்கள் வாகனம் துருப்பிடித்ததற்கு எங்கள் கம்பெனி எவ்வகையிலும் பொறுப்பாகாது."

இந்த இரண்டு வாக்கியங்களையும் ஆங்கிலத்தில் டைப் அடித்தவள் நான். அவற்றுக்கு மேலே அப்பாவின் பெயரையும் எங்கள் வீட்டு விலாசத்தையும் அடித்ததும் நான்தான். மேனேஜர் சொல்லச் சொல்லச் சுருக்கெழுத்தில் எடுத்துக்கொண்டு, என் மேஜைக்கு வந்து, கார்பன் தாள் வைத்து மூன்று பிரதி எடுத்தேன். கையெழுத்துப் போடும்போது அவர் நிமிர்ந்து பார்த்து, "உங்க ஃபாதருக்குப் போற லெட்டர்னு தெரியும்லா? ஸ்பெல்லிங் மிஸ்டேக் இல்லாம அடிச்சிருக்கே. குட்" என்றார்.

இத்தனை வருஷம் கழித்தும் அந்த 'குட்' ஞாபகத்துக்கு வந்தால் என் காது சூடாகிறது.

எழுபதுகளின் முதல் பாதியில் தூத்துக்குடியில் நடந்தது இது. புதுத் துறைமுகத்துக்கு லாரி லாரியாகக் கல் அடித்துக்கொண்டிருந்தார்கள். பழைய துறைமுகத்தில் தோணிகள் கொழும்புக்குப் போய் வந்துகொண்டிருந்தன. துறைமுகத்தை ஒட்டி சரக்குகளைப் பூட்டி வைக்கும் கிட்டங்கிகள் பல இருந்தன. அவற்றில் ஒன்றை நடத்திய தனியார் கம்பெனியின் ஆபீசில் நான் டைப்பிஸ்ட். ஆபீஸ் ஊருக்குள். கிட்டங்கி இரண்டு மைல் தள்ளிக் கடலோரம். ஆபீசில் வேலை பார்த்த பெண்கள் யாரும் கிட்டங்கிப் பக்கம் போனதில்லை. போக வேண்டிய வேலையும் இல்லை. அங்கே என்ன நடந்தாலும் எங்களுக்கு அது காகிதத்தில்தான் வரும்.

அப்பா கொழும்பில் ஒரு மோட்டார் கம்பெனி ஒர்க்ஷாப்பில் போர்மேன். நாசரேத்தில் எட்டாவது முடித்துவிட்டுக் கப்பலேறியவர், ஆணி பொறுக்குவதில் ஆரம்பித்து அந்த இடத்துக்கு வந்திருந்தார். அம்மாவும் நானும் அப்போது நாசரேத்தில் இருந்தோம்; எனக்கு வேலை கிடைத்த பிறகுதான் தூத்துக்குடிக்கு வந்தோம். வருஷத்துக்கு ஒரு தடவை கிறிஸ்துமஸுக்கு வருவார். ஆகவே அப்பா என்றால் எனக்குச் சின்ன வயதில் ஒரு மாதம் இருக்கும் மனுஷர். அந்த ஒரு மாதமும் அவர் பேசியதில் பாதி கார்களைப் பற்றித்தான்.

அவருடைய கம்பெனி முதலில் இங்கிலீஷ் கார்கள்தான் விற்றது. அறுபதுகளில் முதலாளி ஒரு ஜப்பான் கம்பெனியின் ஏஜென்சியையும் எடுத்தார். அந்தக் கம்பெனியின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. இன்றைக்கு அதற்கு என் சிபாரிசு வேண்டியதில்லை. அன்றைக்குத்தான் யாராவது ஒருத்தர் சிபாரிசு பண்ண வேண்டியிருந்தது, அப்போது ஒருத்தரும் பண்ணவில்லை.

முதல் தடவை இறங்கிய ஜப்பான் கார்களைப் பார்த்து ஒர்க்ஷாப்பே சிரித்ததாம். அப்பாவும் சிரித்தவர்தான். "நானே அதுக்கு பிஸ்கெட் டப்பான்னு பேரு வச்சேன்" என்று சொல்வார். கண்டி மலை ஏறினால் ரேடியேட்டர் கொதித்தது. கதவுப் பிடி கையோடு வந்தது. உலகச் சண்டைக்கு முன்னால் கடைகளில் விற்ற ஜப்பான் பொம்மைகளை எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது. சாவி கொடுத்தால் ஒரு நாள் ஓடும், மறுநாள் பல்சக்கரம் தனியாகக் கிடக்கும். அந்தப் பொம்மைகளின் கெட்ட பெயர் அப்படியே கார்களுக்கும் வந்து சேர்ந்தது.

பிறகு அந்தக் கம்பெனியிலிருந்து ஒரு எஞ்சினியர் மூன்று மாதத்துக்கு வந்தாராம். குள்ளமான ஆள், இங்கிலீஷ் அரைகுறை. சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு. வந்த முதல் நாளே மெக்கானிக்குகளை வரிசையாகக் கூப்பிட்டு, "இந்த வண்டியில் என்ன குறை?" என்று கேட்டிருக்கிறார். இங்கிலீஷ் கம்பெனியிலிருந்து வந்த வெள்ளைக்காரன் ஒருத்தனும் அதுவரை அப்படிக் கேட்டதில்லை. வண்டி நின்றுபோனால் டிரைவருக்கு ஓட்டத் தெரியவில்லை என்பார்கள், ரோடு சரியில்லை என்பார்கள், வெயில் ஜாஸ்தி என்பார்கள். அப்பா கொஞ்சம் நக்கலாகவே மலையேற்றத்தில் தண்ணீர் பம்பு படும் பாட்டைச் சொல்லியிருக்கிறார். அந்த ஆள் சிரிக்கவில்லை. பம்பைக் கழற்றச் சொல்லி, தரையில் உட்கார்ந்து, நோட்டில் படம் போட்டுக்கொண்டார். மறு வருஷம் இறங்கிய வண்டியின் பானெட்டை அப்பா திறந்தபோது அந்தப் பம்பு வேறு மாதிரி இருந்தது.

"நான் சொன்னத எழுதிட்டுப் போயிருக்கான் ஏளா. எழுதினதச் செஞ்சும் இருக்கான்" என்று அப்பா சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் தாழ்ந்துவிடும். முப்பது வருஷத்தில் அவர் சொன்னதை ஒருத்தன் எழுதி வைத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை.

அந்த எஞ்சினியர் தங்கள் கம்பெனியின் சரித்திரத்தையும் சொல்லியிருக்கிறார். சொன்னது முழுக்கத் தோல்விகள். தங்கள் சொந்த ஊர் டாக்சிக்காரர்களே தங்கள் காரைத் திட்டியது, அமெரிக்காவுக்கு முதலில் அனுப்பிய கார்கள் அங்கத்து நீண்ட ரோடுகளின் வேகத்தைத் தாங்காமல் உதறியது, வெட்கத்தோடு அனுப்புவதை நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. அப்பாவுக்கு இந்தக் கதை பைபிள் கதை மாதிரி ஆகிவிட்டது. தன் குறையைத் தானே வெளியில் சொல்லுகிறவனை நம்பலாம் என்பது அவர் கட்சி. சிலோனை விட்டுப் போன ஒரு வாடிக்கைக்காரரிடமிருந்து அந்தக் கம்பெனியின் கார் ஒன்றை அவரே வாங்கினார். நாலு கதவு, வெளிர் நீலம்.

இந்தியப் பிரஜா உரிமைக் காகிதம் வந்து அப்பா ஒரேயடியாக ஊர் திரும்பியபோது அந்தக் காரும் வந்தது. கொப்பரை மூட்டைகளோடு ஒரு தோணியில் வந்தது. சக்கரங்களைக் கழற்றி, பலகை அடித்து, தோணியின் நடுவில் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். இறக்கும்போது இருபது பேர் 'ஏலேலோ' போட்டுத் தூக்கினார்கள். தோணியை ஓட்டி வந்த தண்டல், "அண்ணாச்சி, பாதிக் கடல்ல பேய்க்காத்து. என் தோணி ஆடுன ஆட்டத்துக்கு உம்ம கார் அசையல" என்று சொன்னதாக அப்பா ஒரு வாரம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஆனால் கார் வீட்டுக்கு வரவில்லை. கொழும்பிலிருந்து வர வேண்டிய ஒரு காகிதம் வந்து சேரவில்லை. அது வரும்வரை காரை ஏதாவது ஒரு கிட்டங்கியில் விட்டுவைக்க வேண்டும் என்பது சுங்க இலாகாவின் விதி. விதியில் நான் குறை சொல்ல மாட்டேன். எந்தக் கிட்டங்கி என்று அப்பா யோசித்தபோது, "எங்க கம்பெனியிலயே விடலாம்ப்பா" என்று சொன்னவள் நான். ரசீதையும் நானே டைப் அடித்தேன். 'கூரையிட்ட கிட்டங்கியில்' என்று அதில் இருந்தது. கூரைக்கு அடியில் வைப்பதற்கு ஒரு வாடகை, வெட்டவெளியில் வைப்பதற்கு ஒரு வாடகை. அப்பா கூரைக்கு உண்டானதைக் கொடுத்தார்.

காகிதம் வரப் பதினோரு மாதம் ஆனது. அதுவரை உள்ளே போய்ப் பார்க்க அனுமதி கிடையாது. நான் தினமும் மேனேஜரிடம் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். கார் எப்படியிருக்கிறது என்று ஒரு தடவை கேட்டதற்கு, "ஷெட்ல ராஜா மாதிரி தூங்குது" என்றார். அப்பாவிடம் அதை அப்படியே போய்ச் சொன்னேன். அவர் சந்தோஷப்பட்டார்.

காகிதம் வந்த அன்று அப்பா புதுச் சட்டை போட்டுக்கொண்டு கிட்டங்கிக்குப் போனார். மத்தியானமே திரும்பி வந்து கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். அம்மா கேட்டதற்கு, "வெளியே கிடக்கு" என்று மட்டும் சொன்னார். எது என்று அம்மாவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

ஷெட்டில் இடம் வேண்டும் என்று இறக்கிய இரண்டாவது வாரமே காரை வெளியே தள்ளியிருக்கிறார்கள். தள்ளிய இடம் உப்பு அம்பாரத்துக்கு அடுத்தாற்போல். கச்சான் என்று நாங்கள் சொல்லும் மேல்காற்று வைகாசியில் ஆரம்பித்தால் ஆவணி வரை விடாது. அம்பாரத்தின் உப்புத் தூளை வாரி அந்தக் காரின் மேல் நாலு மாதம் அடித்திருக்கிறது. அதற்குப் பிறகு ஐப்பசி மழை.

அப்பா நஷ்டஈடு கேட்டுக் கம்பெனிக்குக் கடிதம் எழுதினார். தமிழில், கையால், ரொம்ப மரியாதையாக. அதற்குத்தான் மேனேஜர் அந்த இரண்டு வாக்கியப் பதிலைச் சொல்லி, நான் டைப் அடித்தேன். அடிக்க முடியாது என்று ஏன் சொல்லவில்லை என்று பிற்பாடு பல பேர் கேட்டிருக்கிறார்கள். எனக்கு இருபத்திரண்டு வயது. அப்பாவுக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. வீட்டில் அடுப்பு எரிந்தது என் சம்பளத்தில். அதுதான் காரணம். ஆனால் காரணம் இருக்கிறது என்பதால் கோபம் இல்லாமல் போகுமா?

அதைவிட என்னை எரித்தது அந்த வாக்கியம் வேலை செய்த விதம். மேனேஜர் வெளியே போய் நாலு பேரிடம் சொன்னார், நாலு பேர் நாற்பது பேரிடம் சொன்னார்கள். கோயிலில் ஆராதனை முடிந்து வெளியே வந்தால் அம்மாவிடம், "ஜப்பான் காராமே, உப்புக் காத்துக்கே கரைஞ்சு போச்சாமே" என்று விசாரித்தார்கள். மளிகைக் கடையில் அண்ணாச்சி, "ஜப்பான் தகரத்த நம்பி உங்க அப்பா ஏமாந்துட்டாவளே" என்று இரக்கப்பட்டார். ஒருத்தருக்காவது அது எங்கே நின்றது என்று கேட்கத் தோன்றவில்லை. நம் ஊர்க் கார்கள் வீட்டு வாசலில் நின்றே அடிப்பாகம் ஓட்டையாகி, டிங்கரிங் போட்டுப் போட்டு ஓடிக்கொண்டிருந்தன. அவற்றுக்கெல்லாம் காரணம் கடற்காற்று. இதற்கு மட்டும் காரணம் ஜப்பான்.

அப்பா விடவில்லை. இரண்டாவது கடிதம் எழுதினார். மூன்றாவது எழுதி, ஒரு பிரதியை மெட்ராஸில் இருந்த கம்பெனியின் தலைமை ஆபீசுக்கு அனுப்பினார். அங்கிருந்து ஒரு சர்வேயரை வைத்துக் காரைப் பரிசோதித்து அறிக்கை அனுப்பும்படி மேனேஜருக்கு உத்தரவு வந்தது. சர்வேயர் என்பவர் கப்பலில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர். சேதமான சரக்குகளைப் பார்த்துக் காரணம் எழுதிக் கொடுப்பது அவர் தொழில். கம்பெனியே கூப்பிட்டுக் கம்பெனியே கூலி கொடுக்கும் ஆள். அதனால் அவர் என்ன எழுதுவார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

குறிப்பு எடுக்க ஆள் வேண்டும் என்று மேனேஜர் என்னையும் கிட்டங்கிக்கு அழைத்துப் போனார். அங்கேதான் முதல் தடவையாக அந்தக் காரைப் பார்த்தேன்.

பின்பாதி முழுக்கச் செம்பழுப்பு. டிக்கி மூடியில் விரல் நுழையும் ஓட்டைகள். பின் கதவுகளின் அடிப்பாகம் பொரிந்து உதிர்ந்திருந்தது. ஆனால் முன்பாதி வெளிர் நீலமாக, அப்பா சொன்ன அதே நிறத்தில் இருந்தது. பானெட் மேல் ஒரு பழைய தோணிப் பாயைப் போர்த்திக் கொச்சக்கயிற்றால் முன் கதவு வரைக்கும் இழுத்துக் கட்டியிருந்தார்கள். பாயின் ஓரத்தை ஒதுக்கியதும்தான் அந்த நீலம் தெரிந்தது. பாய் எங்கே முடிந்ததோ, சரியாக அங்கே துரு ஆரம்பித்திருந்தது. அடிமட்டம் வைத்துக் கோடு கிழித்தது போல.

அப்பா முன்பே வந்து ஒரு ஓரமாக நின்றுகொண்டிருந்தார். என்னை அங்கே அவர் எதிர்பார்க்கவில்லை. பார்த்துவிட்டுப் பார்க்காதது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். நானும் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டேன்.

"பார்த்தீங்களா சார், மெட்டீரியல் அப்படி" என்றார் மேனேஜர்.

சர்வேயர் ஒரு சின்னச் சுத்தியலை எடுத்து, பாயை ஒதுக்கிவிட்டுக் காரைச் சுற்றி வந்து தட்டினார். முன்னால் தட்டினால் 'டங்' என்று கேட்டது. பின்னால் தட்டினால் சொத்தென்று கேட்டது.

அப்பா அப்போதுதான் வாயைத் திறந்தார். "ஐயா, தகடு மட்டம்னா வண்டி முழுசும் ஒரே தகடுதானே? முன்னாலயும் துருப்பிடிச்சிருக்கணும்லா?"

"இந்தப் பாயை யார் கட்டினது?" என்று சர்வேயர் கேட்டார்.

கிட்டங்கியின் காவல்காரர் முன்னால் வந்தார். கடற்கரைத் தெருவைச் சேர்ந்தவர், முன்னே தோணியில் போய்க்கொண்டிருந்து கால் ஒடிந்ததும் இந்த வேலைக்கு வந்தவர். "நாந்தான்யா. நல்ல வண்டி, உப்புல கிடந்து சாவுதேன்னு மனசு கேக்கல. கழுவிவிடலாம்னா இங்கன குடிக்கவே தண்ணி இல்ல. கரையில ஒரு கிழிஞ்ச பாய் கிடந்திச்சு. பாதிக்குத்தான் காணும். எஞ்சின் இருக்க பாதிய மூடுனேன்."

"உன்ன யாரு கட்டச் சொன்னா?" என்று மேனேஜர் அவர் மேல் பாய்ந்தார்.

நான் எழுதுவதை நிறுத்திவிட்டு மேனேஜரைப் பார்த்தேன். பதினோரு மாதம் ஒரு காரை உப்பில் போட்டவருக்கு வெட்கம் வரவில்லை. அதில் பாதியைக் காப்பாற்றியவர் மேல் கோபம் வருகிறது! ஏனென்றால் காப்பாற்றிய பாதிதான் சாட்சி. பாய் இல்லாமல் கார் முழுவதும் துருப்பிடித்திருந்தால் அந்த வாக்கியம் வேதவாக்காக நின்றிருக்கும்.

அப்பா சர்வேயரிடம் எஞ்சினைப் போட்டுப் பார்க்க அனுமதி கேட்டார். மேனேஜர் அதெல்லாம் வேண்டாம் என்றார். சர்வேயர், "போடட்டும்" என்றார். அப்பா பாயை அவிழ்த்து மடித்து வைத்தார். பிளக்குகளைக் கழற்றித் துடைத்தார். டாக்சி ஸ்டாண்டிலிருந்து ஒரு பாட்டரியும் ஒரு புட்டியில் பெட்ரோலும் கொண்டு வந்திருந்தார். ஸ்டார்ட்டர் திரும்பவில்லை. ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினார். முதல் சுற்றில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் இருமியது. உப்பு மூட்டை தூக்குகிறவர்கள் மூட்டையை இறக்கி வைத்துவிட்டுக் கூடிவிட்டார்கள். மூன்றாவதில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. கறுப்பாக ஒரு புகையைக் கக்கிவிட்டு, தையல் மிஷின் மாதிரி ஒரே சீராக ஓட ஆரம்பித்தது. பின் மட்கார்டிலிருந்து துரு சருகாகக் கொட்டியது.

கூட்டத்தில் ஒருத்தர், "ஏலே, செத்தது எந்திரிச்சிட்டுலே" என்றார். அப்பா சிரிக்கவில்லை. எஞ்சின் மேல் கையை வைத்துக்கொண்டு தலையைக் குனிந்து நின்றார்.

மூன்றாம் நாள் சர்வேயரின் அறிக்கை கைப்பிரதியாக ஆபீசுக்கு வந்தது. நான் நினைத்ததற்கு மாறாக, அந்த மனுஷர் கண்டதை எழுதியிருந்தார். வாகனம் திறந்தவெளியில் உப்பு அம்பாரத்தின் அருகே வைக்கப்பட்டதே சேதத்துக்குக் காரணம், மூடியிருந்த பகுதியில் சேதம் இல்லை, எஞ்சின் நல்ல நிலையில் உள்ளது. நாலே வரி. அதை மேனேஜர் சிவப்பு மையால் திருத்தியிருந்தார். 'உப்பு அம்பாரம்' கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது. 'திறந்தவெளி' அடிக்கப்பட்டிருந்தது. ஓரத்தில், அதே பழைய வாக்கியம், தகடு இயல்பிலேயே மட்டம்.

"கரெக்ஷன்படி ஃபேர் காப்பி எடு. சர்வேயர் சாயங்காலம் வந்து சைன் பண்ணுவார். அவருக்குப் பார்வை கம்மி, படிச்சுட்டு உக்கார மாட்டார்" என்றார்.

நான் மேஜைக்கு வந்து தாளைச் சொருகினேன். சிவப்பு மையைத் தள்ளிவிட்டு, கீழே இருந்த சர்வேயரின் நீல மையை வரிக்கு வரி, கமாவுக்குக் கமா அப்படியே அடித்தேன். சர்வேயர் வந்தார். மேனேஜர் உள்ளே போனில் பேசிக்கொண்டிருந்தார். நான் தாளை நீட்டி, "நீங்க எழுதினதுதான் சார், அப்படியே இருக்கு. வாசிக்கட்டுமா?" என்றேன். "வாசி" என்றார். வாசித்தேன். தலையை ஆட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். ஒரு பிரதி மெட்ராஸுக்கு, ஒரு பிரதி அப்பாவுக்கு, மூன்றாவது பைலுக்கு. தபால் அன்றைக்கே போய்விட்டது.

இரண்டு நாள் கழித்து மேனேஜர் பைலைத் திறந்தார். ஆபீஸ் முழுவதும் கேட்கும்படி என்னைக் கூப்பிட்டார். "உனக்கு சம்பளம் குடுக்கறது யாரு?" என்று கேட்டார்.

"கம்பெனி சார்."

"அப்புறம் யாருக்கு வேலை செஞ்சே?"

"அவர் எழுதினதை அடிச்சேன் சார். நீங்க எழுதினதுல அவர் எப்படி சைன் பண்ணுவார்?"

அன்றைக்கே போகச் சொல்லிவிட்டார். ஒழுங்கீனம் என்று காரணம் எழுதினார். சர்ட்டிபிகேட்டும் கொடுக்கவில்லை. இரண்டரை வருஷத்தில் ஒரு நாள் தாமதமாக வந்ததில்லை, ஒரு எழுத்துப் பிழை விட்டதில்லை. ஒழுங்கீனம்!

வீட்டில் அப்பா கட்டிப்பிடித்துக்கொள்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் திட்டுவார் என்றும் எதிர்பார்க்கவில்லை. "உன்ன யாருளா இதுல தலையிடச் சொன்னா? என் சண்டைய நான் போடுதேன். ஒரு பழைய வண்டிக்காக வேலையப் போக்கிட்டு வந்து நிக்கியே" என்று கத்தினார்.

"வண்டிக்காகன்னு யாரு சொன்னா? பொய்ய ஒரு தடவ அடிச்சாச்சு. ரெண்டாந்தடவயும் அடிக்கணுமா?" என்று நானும் கத்தினேன். அம்மா நடுவில் வந்து இரண்டு பேரையும் சாப்பிடச் சொன்னாள். சாப்பிட்டோம்.

மெட்ராஸிலிருந்து உத்தரவு வந்தது. கட்டிய வாடகை வாபஸ், தகடு வேலைக்கு ஒரு தொகை, கார் உடனே விடுவிக்கப்படும். அதே தபாலில் மேனேஜருக்கு ஒரு கண்டனம்கூட வரவில்லை. அவர் அதே நாற்காலியில் ஓய்வு பெறும்வரை இருந்தார். காவல்காரரை நீக்கப் பார்த்தார், முடியவில்லை, அந்தச் சம்பளத்துக்கு அந்த வெயிலில் நிற்க வேறு ஆள் கிடைக்கவில்லை. அப்பா போய் அவருக்கு ஒரு வேட்டி கொடுத்தபோது, "பாய் இன்னும் கொஞ்சம் பெருசாக் கிடைச்சிருந்தா முழுசையும் மூடியிருப்பேன் அண்ணாச்சி" என்று வருத்தப்பட்டாராம்.

எனக்கு வேலை கிடைக்க ஒன்பது மாதம் ஆனது. 'ஏன் அங்கேயிருந்து விலகினீர்கள்?' என்று கேட்பார்கள். உண்மையைச் சொல்வேன். "போங்கள், சொல்லி அனுப்புகிறோம்" என்பார்கள். கடைசியில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் எடுத்தார்கள். அங்கேயும் உண்மையைத்தான் சொன்னேன். அந்த முதலாளி கதை முழுவதையும் கேட்டுவிட்டு, "அப்போ எனக்கு லெட்டர் அடிக்கும்போது நான் ஜாக்கிரதையா இருக்கணும்" என்று சொல்லி எடுத்துக்கொண்டார். ஆனால் அந்த ஒன்பது மாதத்தை எனக்கு யாரும் திருப்பித் தரவில்லை.

அப்பா அதற்குள் ஒரு லாரி ஒர்க்ஷாப்பில் சேர்ந்திருந்தார். சாயங்காலங்களில் காரின் பின்பாதியைத் தானே வெட்டி, எண்ணெய் டின் தகடுகளை அடித்து வைத்து ஒட்டினார். உள் தரையில் மட்டும் ஒரு இடம் பாக்கி இருந்தது. வேலை முடியுமுன்பே, நாசரேத்தில் ஒரு கல்யாணம் வந்தது. காரிலேயே போகலாம் என்று அப்பா சொன்னார். பின்சீட்டில் உட்கார அம்மா பயந்தாள், அதனால் முன்னால் அவள், பின்னால் நான். என் காலுக்கு அடியில் உள்ளங்கை அகலத்தில் ஓட்டை. அதன் வழியாக ரோடு ஓடுவதைப் பார்த்துக்கொண்டு போனேன்.

பழையகாயல் தாண்டி முக்காணியில் ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். கடையில் இருந்தவர்கள் எழுந்து வந்து காரைச் சுற்றினார்கள். ஒருத்தர், "அண்ணாச்சி, என்ன வண்டி இது?" என்றார்.

"ஜப்பான்."

அவர் பின்பக்கத்தின் ஒட்டுகளைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஆமா, ஜப்பான்னா இப்படித்தான் தகடு போயிரும்னு சொல்லுவாவ" என்றார்.

அப்பா டீயைக் குடித்துக்கொண்டிருந்தார். வாதாட அவருக்குச் சலித்துவிட்டது. எனக்குச் சலிக்கவில்லை. காரிலிருந்து இறங்கி நடுரோட்டில் நின்றுகொண்டு ஆரம்பித்தேன். ரசீது, ஷெட், உப்பு அம்பாரம், கச்சான் காற்று, கிழிந்த பாய், சிவப்பு மை, என் வேலை. ஒரு பெண்பிள்ளை முன்பின் தெரியாத ஆண்களிடம் இப்படிச் சத்தமாகப் பேசுவதைப் பார்த்து அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அந்த மனுஷர் முழுவதையும் நின்று கேட்டார். கேட்டுவிட்டு, "கேஸ் போட்டீங்களா?" என்றார்.

"இல்ல."

"போட்டிருக்கணும். விடக்கூடாது."

"விடக்கூடாதுதான்" என்றேன்.

அப்பா கிளாஸை வைத்துவிட்டு ஹேண்டிலை எடுத்துக்கொண்டு காரின் முன்னால் போனார். "ஏறுளா, பந்திக்கு முன்ன போய்ச் சேரணும்" என்றார். நான் ஏறி, ஓட்டையில் கால் படாமல் மடக்கி உட்கார்ந்தேன். முதல் சுற்றிலேயே கார் கிளம்பியது.